சாயத் தண்ணீர்

தன் அக்காவுக்கு மருந்தென்று சொல்லி வெறும் சாயத் தண்ணீரைக் குத்திவிட்டார்கள் என்ற கோபம் வேன் டிரைவருக்குப் பல வருஷமாக இருந்தது. சாதாரணக் கோபம் இல்லை. காலையில் அவன் பல் விளக்கும்போதே கூட எழுந்து நிற்கும். வண்டியில் ஏறினால் பக்கத்து சீட்டில் வந்து உட்காரும். குத்தச் சொன்ன டாக்டரம்மாவையே தினமும் அதே வண்டியில் ஏற்றி இறக்க வேண்டியிருந்ததுதான் கொடுமை. "வாங்கம்மா" என்று மரியாதையாகக் கதவைத் திறப்பான். சாத்தும்போது மட்டும் ஓங்கிச் சாத்துவான்.

"டிரைவர், அந்தக் கதவு என்ன பாவம் பண்ணிச்சு?" என்பார் டாக்டரம்மா உள்ளேயிருந்து.

"லாக் சரியில்லம்மா."

லாக் நன்றாகத்தான் இருந்தது. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கோபத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. அவள் டெலிபோன் ஆபீஸில் ஆபரேட்டராக இருந்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாலு பேரைக் காத்திருக்க வைப்பாள், நாலு பேரும் கோபித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வாள். அப்பா அம்மா போன பிறகு தம்பியை ஆளாக்கியது அவள்தான். படிப்பு ஏறாமல் அவன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு லாரியில் கிளீனராகப் போனபோது, "போ, ஸ்டியரிங்கையாவது நேரா பிடி" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்தாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் காதில் பேச்சு நிற்கவில்லை என்றாள். "லைன் கட்டாகலடா தம்பி. யாரோ பேசிக்கிட்டே இருக்காங்க" என்று முதலில் சிரித்தபடிதான் சொன்னாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. சுவரில் காதை வைத்துக் கேட்டாள். யாரோ தன்னைப் பற்றி ஊர் பூராவும் பேசுகிறார்கள் என்று ஜன்னலையெல்லாம் காகிதம் ஒட்டி மூடினாள். வேலை போனது. பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் தெருவை மாற்றி நடந்தார்கள். டிரைவர் ஓட்டிக்கொண்டிருந்த லாரியை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு, அவளை மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். மனச்சிதைவு என்று சீட்டில் எழுதினார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். கட்டிலில் நோயாளி, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து வீட்டு ஆள். மாதக்கணக்கில் அப்படிக் கிடப்பார்கள். ஒருவர் துணியை ஒருவர் காயப்போட்டு, ஒருவர் நோயாளிக்கு இன்னொருவர் தலைவாரி, வார்டே ஒரு கூட்டுக்குடும்பம் மாதிரி ஆகிவிடும். அக்காவின் பக்கத்துக் கட்டிலில், திரைக்கு அந்தப் பக்கம், குடைக்கடை அம்மாவின் மகன். அந்த அம்மா பஸ் நிலையத்தில் குடை விற்கிறவள், பழுதும் பார்ப்பாள். மகன் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது பேச்சை நிறுத்தியவன். அவனுக்கும் சேர்த்து அம்மா பேசினாள்.

அந்த வார்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் டாக்டரம்மா. குள்ளமான உருவம், ஓட்டமும் நடையுமாகத்தான் போவார். கோட்டுப் பையில் எப்போதும் ரத்தம் எடுக்கும் கண்ணாடிக் குழாய்கள் கலகலக்கும். வார்டில் அவருக்குச் சிவப்பூசி என்று பெயர். அந்தப் பெயருக்குக் காரணம் ஒரு தையல்காரி.

தையல்காரி கதையை டாக்டரம்மா வண்டியில் போகும்போது பல தடவை சொல்லி, டிரைவருக்கு அது மனப்பாடம். டாக்டரம்மா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் விஷம் வைக்கிறார்கள் என்று ஒரே கூச்சல். பெரிய டாக்டர் மனச்சிதைவு என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். டாக்டரம்மா மட்டும் நின்று, நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு வழுவழுவென்று தோலுரித்த மாதிரி சிவந்திருந்தது. நடக்கச் சொன்னார். காலுக்குக் கீழே தரை இருப்பதே தெரியாமல் பஞ்சில் நடப்பது போல நடந்தாள். கையில் ஊசியும் நூலும் கொடுத்தால், பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்றே அவளுக்குத் தெரியவில்லை. ரத்தத்தை எடுத்துப் பார்த்ததில் பி-12 என்ற வைட்டமின் அடிமட்டத்தில் கிடந்தது. அந்த ஊசி மருந்து மாதுளைச் சாறு மாதிரி நல்ல சிவப்பு. விடாமல் போட்டார்கள். சில வாரத்தில் கூச்சல் அடங்கியது. அப்புறம் ஒரு காலையில் ரவுண்டு போனால், தையல்காரி ஜன்னலோரம் உட்கார்ந்து வார்டுத் திரையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். பழைய தையலைக் காட்டி, "யாரும்மா இதத் தச்சது? கண்ணக் கட்டிக்கிட்டுத் தச்சாங்களா?" என்று கேட்டாளாம்.

"அந்தக் கேள்விதான் டிரைவர் என் பொழப்பக் கெடுத்துச்சு," என்பார் டாக்டரம்மா. "இவ ஒருத்தி இப்படின்னா, உள்ள கிடக்கறவங்கள்ல இன்னும் எத்தனை பேர் இப்படியோன்னு மண்டைக்குள்ள பூந்துக்கிச்சு. அப்புறம் தூங்க விடல."

பெரிய டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தாராம். "வைட்டமின் குடுத்து மனச்சிதைவச் சரி பண்ணலாம்னா காய்கறிக் கடைக்காரரே போதுமே. நம்மள எதுக்கு வச்சிருக்காங்க?" அந்தச் சிரிப்பையும் ஒரு சம்பளம் மாதிரி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு டாக்டரம்மா முதல் ஆய்வை ஆரம்பித்தார்.

வார்டில் வீட்டு ஆட்களையெல்லாம் உட்கார வைத்து விளக்கினார். "ரத்தத்துல நிஜமாவே ரொம்பக் குறைவா இருக்கறவங்களுக்கு நேரா மருந்து குடுத்துடுவோம், அவங்க இதுல வர மாட்டாங்க. இது எல்லையில நிக்கறவங்களுக்கு. பாதிப் பேருக்கு வைட்டமின் மாத்திரை. மீதிப் பேருக்கு, பாக்க அதே மாதிரி இருக்கற மாவு மாத்திரை. வழக்கமா சாப்பிடற மருந்து எல்லாருக்கும் உண்டு, அதத் தொடவே மாட்டோம்."

"யாருக்கு எதும்மா?" என்றான் டிரைவர்.

"எனக்கே தெரியாது."

குடைக்கடை அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. "அதென்னம்மா அது, பரிமாறுறவங்களுக்கே எந்தப் பாத்திரத்துல என்ன இருக்குன்னு தெரியாதா?"

"தெரிஞ்சா என் கண்ணு பொய் சொல்லும்மா. மருந்து சாப்பிடறவரப் பாத்தா தெளிஞ்சுட்ட மாதிரி தோணும். மாவு சாப்பிடறவரப் பாத்தா அப்படியே கிடக்கற மாதிரி தோணும். அதனால வேற ஊர்ல ஒருத்தர் சீட்டுக் குலுக்கிப் போட்டு, அத மூடி வச்சிருக்கார். கடைசியிலதான் தொறப்போம்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். டாக்டரம்மாவின் தலை வாசலில் மறைந்ததும் குடைக்கடை அம்மா எழுந்து நின்றாள்.

"ஏம்ப்பா, என் பிள்ளைக்கு மருந்து கிடைச்சு உன் அக்காவுக்கு மாவு கிடைச்சா, நான் எப்படி உன் மூஞ்சியப் பாக்கறது? ஒரே குழாயில தண்ணி பிடிக்கறோம். இல்ல உன் அக்காவுக்குக் கிடைச்சு என் பிள்ளைக்குக் கிடைக்கலைன்னா, நீ என் மூஞ்சியப் பாத்துடுவியா?"

நியாயமாகத்தான் பட்டது. கட்டில் கட்டிலாகப் போய்ப் பேசினாள். யாரும் மறுக்கவில்லை. ஒரு பெரிய பிஸ்கட் டப்பா வந்தது. ஒவ்வொருவருக்கும் ஆய்வுக்காகக் கொடுத்த மாத்திரையும் அந்த டப்பாவில் கொட்டப்பட்டது. அம்மா மூடியைப் போட்டு நன்றாகக் குலுக்கி, தினமும் காலை டீ வந்ததும் ஒரு கரண்டியால் அள்ளி வரிசையாகப் பரிமாறினாள். எவருக்கு எது போகிறது என்று கடவுளுக்கே தெரியாது. வார்டில் அவ்வளவு ஒற்றுமை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் டிரைவருக்கு வேலை கிடைத்தது. எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து நகரத்தின் மறுகோடியில் இருந்த பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோக ஒரு வேன் வந்திருந்தது, ஓட்ட ஆளில்லை. "லாரி ஓட்டின கைன்னு உங்க அக்கா சொன்னாங்க" என்று டாக்டரம்மா கேட்டார். அக்காவை விட்டு நகர வேண்டியதில்லை என்பதால் சரி என்றான். டாக்டரம்மாவைத் தினமும் வீட்டிலிருந்து ஏற்றி வந்து இறக்குவதும் அந்த வேலையோடு சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரிக்குள் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் லாரி நினைப்பில் ஹாரனை அமுக்குவான். அதனால் வார்டில் அவனுக்கும் ஒரு பெயர் விழுந்தது, ஹாரன்.

பல மாதம் கழித்து அவன் கொண்டுபோன ரத்தமே விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது. ஆய்வில் இருந்த எல்லாருக்கும் வைட்டமின் அளவு ஏறக்குறைய ஒரே மாதிரி ஏறியிருக்கிறது என்று பரிசோதனைக் கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பாதிப் பேருக்கு ஏறியிருக்கக் கூடாது. டாக்டரம்மா ஒன்றும் புரியாமல், டீ நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் வார்டுக்குள் வந்து நின்றார். குடைக்கடை அம்மா கரண்டியோடு நடுவழியில் இருந்தாள்.

"இது என்னம்மா?"

"மாத்திரைதான். எல்லாருக்கும் சமமாப் பிரிச்சுடறோம். நீங்க கவலைப்படாதீங்க, ஒருத்தருக்கும் குறை வைக்கல." அவள் குரலில் அவ்வளவு பெருமை.

டாக்டரம்மா பக்கத்தில் இருந்த கட்டிலில் உட்கார்ந்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. குடைக்கடை அம்மா பதறிப்போய் டப்பாவை நீட்டினாள்.

"அழாதீங்கம்மா. உங்களுக்கும் ஒண்ணு தரட்டுமா?"

டாக்டரம்மா யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. பெரிய டாக்டர்தான் வழியில் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். ஆய்வை மூடச் சொல்லி மேலிருந்து உத்தரவும் வந்தது. டாக்டரம்மா வழக்கம்போல வண்டியில் போய் வந்தார். பிறகு ஒரு நாள் பின்சீட்டிலிருந்து, தனக்குத்தானே சொல்வது போல, "இந்தத் தடவை ஊசி. டப்பாவுல போட்டுக் குலுக்க முடியாது பாருங்க" என்றார்.

மறுபடி அனுமதி வாங்கி, மறுபடி ஆட்களைச் சேர்த்து, ஆரம்பிக்கவே வெகுகாலம் பிடித்தது. நிஜ ஊசி சிவப்பு என்பதால், வெறும் ஊசிக்கும் அதே சிவப்பில் சாயம் கலந்தார்கள். அந்தப் பெட்டிகளை ஏற்றி வந்தவன் டிரைவர்தான். விஷயம் கேட்டதும் வண்டியை ஓரம் கட்டினான்.

"தண்ணிக்குச் சாயம் போட்டு மனுஷன் உடம்புல ஏத்துறதா? ஏமாத்து வேலை இல்லையாம்மா இது?"

"ஏமாத்துதான். முன்கூட்டியே சொல்லிட்டு ஏமாத்தறேன். அந்த ஏமாத்துல நானும் சேத்தி. இஷ்டமில்லைன்னா உங்க அக்காவச் சேக்க வேணாம்."

சேர்க்காவிட்டால் நிஜ ஊசி கிடைப்பதற்கு இருக்கிற பாதி வாய்ப்பும் போகும். அக்காவிடமே கேட்டான். "போடட்டுமே. எத்தனையோ பேர் என் காதுல குத்தறாங்க, இது கையிலதான" என்றாள். சேர்த்தான்.

ஊசி ஆரம்பித்துச் சில மாதத்தில் குடைக்கடை அம்மாவின் மகன் ஒரு காலையில் தானாக எழுந்து குளித்தான். பேப்பர் கேட்டான். அம்மா ஏதோ சொல்ல, "சும்மா இரும்மா" என்றான். பேசாத வாய் முதலில் பேசியது அதைத்தான். அந்த அம்மா வார்டு முழுக்க ஓடி ஓடி, "என்னச் சும்மா இருக்கச் சொல்லிட்டான்! என்னச் சும்மா இருக்கச் சொல்லிட்டான்!" என்று சொல்லி அழுதாள். அப்புறம் அவன் வீட்டுக்குப் போய், கடையில் உட்கார்ந்து குடைக்கம்பி மாட்டினான்.

அக்காவுக்குப் பயம் குறைந்திருந்தது. ஜன்னலில் காகிதம் ஒட்டுவதை விட்டுவிட்டாள். ஆனால் லைன் கட்டாகவில்லை. சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்தி, "கொஞ்சம் இருங்க" என்று யாரிடமோ சொல்வாள்.

பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒரே காலையில், ஒரே நர்சம்மா கையால் ஊசி. ஒருவன் குடை மாட்டுகிறான், ஒருத்தி காற்றோடு பேசுகிறாள். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? டிரைவர் வண்டி நிறுத்துமிடத்தில் டாக்டரம்மாவை மறித்தான்.

"என் அக்காவுக்குத் தண்ணிதான போட்டீங்க?"

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்வளவு படிச்சீங்க?"

"ஆமா," என்றார் டாக்டரம்மா. "அத ஒழுங்காச் சொல்றதுக்குத்தான் இத்தனை வருஷமாச்சு."

அக்காவுக்கு ஊசி முடிந்த பிறகு, இனி வெளி மருந்துக்குத் தடையில்லை என்று ஆனதும், டிரைவர் மருந்துக்கடையில் சிவப்பு ஊசி வாங்கி, தெருமுனை டாக்டரிடம் போட வைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. அதுவும் அவன் கணக்குக்குச் சரியாகவே வந்தது. "சிமெண்ட் ஈரமா இருக்கறப்ப கை வச்சாத்தான் பதியும். காஞ்சப்புறம் வச்சு என்ன பிரயோஜனம்? வேண்டிய நேரத்துல தண்ணியக் குத்திட்டாங்க" என்று, இதற்கிடையில் கட்டிக்கொண்டிருந்த பெண்டாட்டியிடம் சொன்னான்.

"அப்ப அந்த வேலைய விட்டுட்டு வாங்க."

"விட்டா அக்காவ யாரு பாக்கறது?"

"அப்ப கோவத்த விடுங்க."

இரண்டையும் விடவில்லை.

இரண்டாவது ஆய்வுக்கு ஆள் சேர்வது ஆமை வேகம். நடுவில் நின்று நின்று போனது. அதற்கிடையே டாக்டரம்மா மனச்சோர்வுக்காரர்கள் பக்கம் திரும்பினார். அழுதுகொண்டு வருகிறவர்கள், அழக்கூட முடியாமல் வருகிறவர்கள், படுக்கையிலிருந்து எழுந்தாலே மலை ஏறிய மாதிரி இருக்கிறது என்கிறவர்கள். அவர்களிலும் சிலருக்கு ரத்தத்தில் வைட்டமின் குறைவாக இருந்தது. அதைச் சரி செய்தால் மனச்சோர்வு மருந்து இன்னும் கொஞ்சம் நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்த்தார். அதில் மட்டும் சின்னதாக ஒரு வெளிச்சம் தெரிந்தது என்பார். "சின்னதுதான், பெருசாச் சொல்லிடாதீங்க" என்று உடனே சேர்த்துக்கொள்வார்.

டிரைவரின் பெண்டாட்டி காய்ச்சலில் போனது அந்தக் காலத்தில்தான். காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்தான். வண்டி ஓடியது, ஹாரன் சத்தம் இல்லை. டாக்டரம்மா ஏறினால் கதவை மெதுவாகச் சாத்தினான். அப்படிச் சில வாரம் போன பிறகு டாக்டரம்மா, "இறங்குங்க, கையக் காட்டுங்க" என்று சொல்லி, ஓரத்திலேயே நிற்க வைத்து அவனுக்கு ரத்தம் எடுத்தார். அவனே அதை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். விடை வந்த அன்று அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரத்தத்துல ஒரு குறையும் இல்ல."

"அப்ப எனக்கு என்னம்மா?"

"துக்கம். அதுக்கு எங்கிட்ட ஊசி இல்ல. தினமும் வண்டிய நிறுத்திட்டு இங்க வந்து கொஞ்சம் உக்காருங்க. பேசணும்னு இல்ல."

போய் உட்கார்ந்தான். அவர் எழுதிக்கொண்டிருப்பார், அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். சிவப்பூசி என்று பெயரெடுத்தவர் தனக்கு ஒரு சிவப்பு ஊசிகூடப் போடவில்லையே என்று ஒரு நாள் தோன்றியது. போட்டிருந்தால் குணமாகிவிட்டதாகவே நம்பியிருப்பான். அந்த எண்ணம் அவனுக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் கதவை மறுபடி ஓங்கிச் சாத்தினான். டாக்டரம்மா, "அப்பாடா" என்றார்.

டாக்டரம்மா ஓய்வு பெறப் போகிற வருஷம்தான் ஆய்வு முடிந்து, வெளியூரில் மூடி வைத்ததைத் திறந்தார்கள். கூட்டம் நடந்த கட்டடத்துக்கு வெளியே டிரைவர் மத்தியான வெயிலில் வண்டியை மரத்தடியில் போட்டுக் காத்திருந்தான். டாக்டரம்மா வந்தார். எப்போதும் பின்னால் ஏறுகிறவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் டிரைவர்."

"அப்படின்னா?"

"நிஜ ஊசி போட்டவங்கள்ல எவ்வளவு பேர் தேறினாங்களோ, சாயத் தண்ணி போட்டவங்கள்லயும் அதே அளவுதான் தேறியிருக்காங்க. அவங்க வழக்கமாச் சாப்பிடற மருந்துதான் வேலை செஞ்சிருக்கு. வைட்டமின் செய்யல."

அவர் வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து டிரைவருக்கு முதலில் ஐயோ பாவம் என்றுதான் இருந்தது. கோபம் கொஞ்சம் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது.

"என் அக்காவுக்கு?"

"நீங்கதான் காப்பாளர், உங்களுக்குச் சொல்லலாம். நிஜ ஊசி. ஒண்ணு விடாம நிஜ ஊசி."

அவன் சாவியைத் திருப்பி ஓடாத எஞ்சினை அணைத்தான். மேடு என்று நினைத்து அழுத்தி மிதித்தால் வண்டி சரிவில் பாய்வது போல இருந்தது. அக்காவிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருக்கிறார்கள், அது போதவில்லை. இத்தனை வருஷம் அந்தத் தண்ணீரை நம்பி அல்லவா அவன் இருந்தான்? தண்ணீராக இருந்தால்தான், மருந்து போட்டிருந்தால் தேறியிருப்பாள் என்று நினைக்க முடியும்.

"அப்ப நான் யார் மேலம்மா கோவப்படறது?"

"என் மேலயே படுங்க. எனக்குப் பழகிடுச்சு. புதுசா ஒருத்தரப் பிடிச்சா அவங்க தாங்க மாட்டாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, "உங்க உழைப்பெல்லாம் வீணாம்மா?" என்று கேட்டான்.

"வீண்னு சொல்ல மாட்டேன். இப்ப நம்ம வாசல்ல நுழையற எல்லாருக்கும் ரத்தம் பாக்கறாங்க. தையல்காரி மாதிரி எப்பவாவது ஒருத்தர் வந்தா தப்பிக்க முடியாது. மத்தவங்களுக்குக் கதவு இந்தப் பக்கம் இல்லைன்னு தெரிஞ்சுது. நான் வேற மாதிரி எதிர்பார்த்தேன்." வைப்பரைப் பார்த்தபடியே, "ரொம்ப எதிர்பார்த்தேன்" என்றார்.

அன்றே அக்காவைப் பார்க்கப் போனான். அவள் இப்போது ஆஸ்பத்திரியை ஒட்டி, நோயாளிகள் நிரந்தரமாகத் தங்கும் இல்லத்தில் இருந்தாள். பகலில் அங்கே உள் டெலிபோன் பக்கத்தில் அவள்தான் உட்காருவாள். எந்த அறைக்கு எந்த எண் என்று கேட்டால் பார்க்காமல் சொல்வாள். இரண்டு லைனையும் சமாளிப்பது பழகிவிட்டது, வெளியில் ஒலிப்பது, உள்ளே ஒலிப்பது. அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்டா. நிஜ சரக்குன்னு லைன்ல சொன்னாங்க" என்றாள்.

"விளையாடாதக்கா. நீ நல்லாயிடுவேன்னு நான் எவ்வளவு..."

"எல்லாம் தெரியும். வாராவாரம் வந்து என் மூஞ்சியப் பரிசோதனை பண்ணிட்டுப் போவே. ஒரு வாரமாவது என்ன சாப்பிட்டேன்னு கேட்டிருக்கியா?"

அவன் கேட்டான். சொன்னாள். நடுவில் ஒரு தடவை கையை உயர்த்தி, "கொஞ்சம் இருங்க, தம்பி வந்திருக்கான்" என்றாள், அவனிடம் இல்லை.

குடைக்கடையில் கதை வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. டாக்டரம்மா தானே நேரில் போய், மகனுக்குப் போட்டது சாயத் தண்ணீர், அவன் தேறியது தினமும் சாப்பிடுகிற மாத்திரையால் என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா முகத்துக்கு நேராகச் சிரித்தாளாம். பிறகு பஸ் நிலையத்தில் நிற்கிறவர்களிடமெல்லாம், "என் பிள்ளை குணமானதப் பாத்துட்டு, எல்லாரும் இந்த ஊசியக் கேட்டா எங்க போறதுன்னு, தண்ணின்னு புளுகறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வருகிற பஸ்ஸெல்லாம் அந்தக் கடை வாசலில்தான் நிற்கும். இறங்குகிறவர்களைப் பிடித்து, சிவப்பூசி ஒன்று போதும் என்று புத்தி சொல்லி மருந்துக்கடைக்கு அனுப்பினாள். இது வார்டுக்குள்ளும் தெரிய ஆரம்பித்தது. தேறி வீட்டுக்குப் போன ஒன்றிரண்டு பேர், மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூச்சலோடு திரும்பி வந்தார்கள்.

டாக்டரம்மா தன் கடைசி வேலை நாளன்று காலையிலேயே அறையைக் காலி செய்துவிட்டார். ஒரு கைப்பை, குடம் அளவுக்கு ஒரு தொட்டிச் செடி, அவ்வளவுதான் சாமான். டிரைவர் செடியைப் பின்னால் வைத்துக் கயிறு கட்டினான். வாசலைத் தாண்டியதும் டாக்டரம்மா, "ஓரமா நிறுத்துங்க" என்றார்.

"ஏதாவது மறந்துட்டீங்களாம்மா?"

"குடைக்கடை அம்மாவோட மகன் மாத்திரைய நிறுத்தி மூணு வாரமாச்சாம். நர்ஸ் பாத்துட்டு வந்து சொன்னாங்க. ஊசி மட்டும் போட்டுக்கறார். தூக்கம் குறைஞ்சிருக்கு. பேச்சும் குறையுதாம்."

டிரைவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டான்.

"நான் போனா மறுபடி புளுகறேம்பாங்க. வேற டாக்டர் போனாலும் அதேதான். நீங்க போங்க."

"நான் சொன்னா கேப்பாங்களாம்மா?"

"உங்களுக்கு என் மேல எவ்வளவு கோவம்னு ஆஸ்பத்திரி பூரா தெரியும். அந்த அம்மாவுக்கு இன்னும் நல்லாத் தெரியும். எனக்காக நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு நம்புவாங்க."

அது உண்மைதான் என்று அவனுக்கே தோன்றியது. ஆனால் ஒரு தாயிடம் போய், நீ கும்பிட்டது தண்ணீர் என்று எப்படிச் சொல்வது? தண்ணீர் இல்லை என்று கேட்டபோது தனக்கே எப்படி இருந்தது என்று அவன் இன்னும் மறக்கவில்லை.

"எப்படிம்மா ஆரம்பிக்கறது?"

"அவங்க பிள்ளையப் பத்தி ஆரம்பிக்காதீங்க. உங்க அக்காவப் பத்திச் சொல்லுங்க. நிஜ ஊசி போட்டும் குரல் நிக்கலைன்னு சொல்லுங்க. அப்புறம் அந்த மாத்திரைய இன்னைக்கே திரும்ப ஆரம்பிக்க வைங்க. கையோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்து, என் இடத்துக்கு வந்திருக்கற சின்ன டாக்டர்கிட்டக் காட்டுங்க. என்னத் திட்டினாங்கன்னா திட்டட்டும், நீங்களும் கூடச் சேந்து திட்டுங்க. அந்தப் பிள்ளை வாயில மாத்திரை போனாப் போதும்."

"உங்கள வீட்ல இறக்கிட்டு நேரா போறேன்."

"இல்ல. இப்பவே போங்க." அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். "நான் பஸ்ல போயிக்கறேன். செடிய அப்புறம் கொண்டுவாங்க."